ஒரே ஒரு புகார்

"இந்த வேகத்தடையைப் போட யாரும்மா பர்மிஷன் கொடுத்தது?"

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைச் சாலை. எனக்குப் பின்னால், தடையை இடிக்க வந்த ஜேசிபி உறுமிக்கொண்டிருந்தது. எதிரே, புடவைக்கு மேல் கம்பெனி கோட்டும் கையில் சாப்பாட்டுப் பையுமாகக் கன்னியம்மா. காலை ஷிப்ட்டுக்குப் போகும் பெண்கள் பேசுவதற்கு அவரைத்தான் முன்னால் தள்ளியிருந்தார்கள்.

"யாரும் குடுக்கல சார். நாங்களே போட்டுக்கினோம். இங்கதான் எங்ககூட வேலை செய்ற ஷைனிய லாரி அடிச்சிச்சு. இன்னும் கட்டை வச்சிக்கினுதான் நடக்குது."

"வருத்தமான விஷயம்தான். அதுக்காக ஆளாளுக்கு ரோட்ல சிமென்ட் கொட்டறதா?"

நான் இந்தச் சாலைக்குப் பொறுப்பான அதிகாரி; நெதர்லாந்தில் இரண்டு வருடம் பொதுக்கொள்கை படித்தவன். திரும்பி வந்து ஆறு வருடமாகியும் அந்த நாட்டை இறக்கி வைக்கவில்லை. சாம்பாரில் உப்பு கூடினால்கூட "நெதர்லாந்துல..." என்று ஆரம்பிப்பேன். என் மனைவி எழுந்து போய்விடுவாள். கன்னியம்மாவுக்கு அந்த வசதி இல்லை.

"வெளிநாட்ல எப்படித் தெரியுமா? ஒரு ரோட்ல கை வைக்கறதுக்கு முன்னாடி, அதுல போற வர்ற எல்லாரையும் கேப்பாங்க. மொதல்ல தற்காலிகமா வச்சுப் பார்ப்பாங்க. குறை வந்தா மாத்துவாங்க. அப்புறம்தான் நிரந்தரம். நம்ம ஊர்ல? யாரோ ஒருத்தர் நெனச்சா போதும், அதான் சட்டம்!"

கன்னியம்மா தலையாட்டினார்.

"நாங்களும் அப்டித்தான் சார் பண்ணோம். மூணு ஷிப்ட்டு பொம்பளைங்களையும் கேட்டோம். லாரி டிரைவருங்கள டீக்கடையாண்ட நிறுத்திக் கேட்டோம். மொதல்ல மணல் மூட்டை போட்டு ஒரு மாசம் பாத்தோம். ஆம்புலன்ஸ் ஓட்ற தாவீது அண்ணன், 'உசரமாக்கீது, பேஷண்ட்டத் தூக்கிப் போடுது'ன்னாரு. உசரத்தக் கொறச்சோம். அப்பாலதான் சிமென்ட்டு. மேல வெள்ளைக் கோடு போட்டுக் குடுங்கன்னு உங்க ஆபீஸுக்கு மூணு மனு குடுத்தோம்."

என் மேஜையில் 'பிறகு பார்க்க' என்று ஒரு கட்டு இருக்கிறது. அதில்தான் இருக்கும்.

"இத்த எடுக்கச் சொல்லி எத்தினி பேரு சார் கேட்டாங்க?"

"ஒரே ஒரு புகார்."

"ஐயையோ, அவர வுட்டுட்டமா?" கன்னியம்மா நிஜமாகவே பதறினார். "அவரு யாருன்னு சொல்லுங்க சார். அவராண்டயும் ஒரு வார்த்தை கேட்டுடறோம்."

போன வாரம் இந்தத் தடையில் அடிப்பக்கம் உரசிய புதுக் கார் என்னுடையது. புகார் எழுதியவன் நான். யாரையும் கேட்காமல் அதை ஏற்று, உடனே உத்தரவு போட்டவனும் நான்தான்.

ஜேசிபியைத் திரும்பிப் போகச் சொல்லிக் கை காட்டினேன்.

"நானே கேட்டுட்டேம்மா. அவருக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லையாம்."