வெள்ளிக்கிழமை பெட்ரோல்

“மாப்பிள்ளைக்குன்னு நெஞ்சுக்கறி எடுத்து வெச்சிருக்கேன். இன்னிக்கு வருவானா?” என்று கேட்டாள் கலியா.

“எதுக்கு வரப்போறான்?” என்றார் சாபித். “எண்ணெய் நம்ம மண்ணுலயே கிடைக்குது, வரியும் கம்மி. அதனால கசாக் பெட்ரோல் மலிவுன்னு வந்தான். இப்பத்தான் வரியை ஏத்திட்டாங்களே. கிர்கிஸ் பக்கமும் இதே விலைதான்.”

மகள் ஜனார் இறந்து மூன்று வருடமாகிறது. அவள் கணவன் எர்மெக் வெள்ளிக்கிழமைதோறும் கிர்கிஸ் பக்கமிருந்து எல்லையைத் தாண்டி வந்து, பெட்ரோல் போட்டுக்கொண்டு, அப்படியே இவர்களோடு சாப்பிட்டுவிட்டுப் போவான். ‘பெட்ரோல் மாப்பிள்ளை’ என்று சாபித் கிண்டல் செய்வார்.

ஆனாலும் காலையிலேயே ஒரு கேன் நிறையப் பெட்ரோல் வாங்கி, கலியாவுக்குத் தெரியாமல் வாசலில் மறைத்து வைத்திருந்தார்.

மதியம் கார் வந்து நின்றது. சாபித் கேனுடன் ஓடினார்.

“இனிமே பெட்ரோல் என் செலவு, மாப்ள. நீ வந்தா போதும்.”

டேங்க் மூடியைத் திறந்து ஊற்றினார். கொஞ்சம்தான் இறங்கியது. மீதி பொங்கி அவர் கையெல்லாம் வழிந்தது.

“எல்லைக்கு அந்தப் பக்கமே நிரப்பிட்டேன், மாமா.”

“அப்புறம் எதுக்கு இவ்ளோ தூரம் வந்தே?”

எர்மெக் சிரித்தான். “இங்க மிச்சம் பிடிச்சதெல்லாம் வந்து போகவே எரிஞ்சிடும். மூணு வருஷமா நீங்க கணக்கே போட்டுப் பாக்கலையா?”

சாபித் கேனைக் கீழே வைத்தார். பெட்ரோல் வாடை அடிக்கும் கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினார்.

“கலியா, கறியை அடுப்புல ஏத்து. நம்ம புள்ள வந்திருக்கான்.”