ஜான்சி சொன்ன பதில்

கடலூர் மைதானத்தில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. கபடிக் கோட்டுக்கு வெளியே அருள்மொழி கண்களை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். போன வாரம் சிதம்பரத்தில் ஆடும்போது பின்மண்டை தரையில் மோதியது. அன்றிலிருந்து விசில் ஊதினாலே தலை விண்விண்ணென்று தெறிக்கிறது. காரணமில்லாமல் அழுகை வருகிறது. "ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னுட்டாங்க. இன்னும் என்னாத்துக்கு ஒக்காந்திருக்கா?" கோச், கூட ஆடும் ஜான்சியிடம் கேட்கிறார். அன்று திரும்பும் பஸ்ஸில் வாந்தியெடுத்தவளின் நெற்றியைத் தாங்கிப் பிடித்தவள் ஜான்சிதான். அருள்மொழி நம்பிக்கையோடு அவளைப் பார்க்கிறாள். இப்போது அருள்மொழிக்குப் பதில் கேப்டனாக நிற்கும் ஜான்சி, முழங்கால் மண்ணைத் தட்டுகிறாள். "பயந்துட்டா சார். சும்மா நடிக்கிறா." யாரோ சிரிக்கிறார்கள். "நான் ஆடுறேன் சார்." அருள்மொழி எழுகிறாள். தரையைத் தொட்டுக் கும்பிட்டுக் கோட்டுக்குள் இறங்குகிறாள். ஜான்சி மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை.