கிரேசியின் ஜெபமாலை

கடலூரிலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் வந்த களைப்பை மறந்து, முதுமலை சஃபாரி வேனில் முதல் ஆளாக ஏறி ஜன்னலோரம் பிடித்தான் ஆன்டோ. மனைவி கிரேசி இரண்டு பிள்ளைகளையும் அணைத்தபடி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கிரேசி, ஜெபமாலைய எடு. பண்ருட்டியிலேர்ந்து எனக்கு டிரான்ஸ்பர் கெடச்சதே ஒன் ஜெபத்தாலதான். புலி போட்டோவோட வரேன்னு ஆபீஸ் பூரா சொல்லிட்டு வந்திருக்கேன். மானத்தக் காப்பாத்து.”

“ஏறும்போதே ஆரம்பிச்சிட்டேங்க” என்று கண்களை மூடிக்கொண்டாள் கிரேசி.

வேன் காட்டைச் சுற்றி வந்தது. புலி என்ன, ஒரு மான்கூடத் தலைகாட்டவில்லை. கிரேசியின் உதடுகள் மட்டும் ஓயவே இல்லை.

இறங்கி நின்றபோது, பின்னால் வந்த வேன்காரர்கள் செல்போனை நீட்டிக் காட்டினார்கள். “ரோட்லயே படுத்திருந்துச்சு சார், புலி! ஒங்க வேன் தாண்டுனதும் வந்துச்சு.”

ஆன்டோவுக்கு அழுகையே வந்துவிட்டது. “ஒன் ஜெபம் பலிக்காமப் போனது இதான் மொத தடவ, கிரேசி.”

“யாரு சொன்னா? வெறும் கம்பி வச்ச வண்டி, கூட ரெண்டு புள்ளைங்க. ஒரு மிருகமும் எதிர்ல வந்துடக் கூடாதுன்னுதான மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன்? ஒரு மானாவது வந்துச்சா?”

ஆன்டோ முறைத்தான். “நாளைக்கு நீங்க யாரும் வர வேணாம். நான் மட்டும் போறேன்.”

“தாராளமாப் போங்க.” ஜெபமாலையை முத்தமிட்டுக் கைப்பையில் வைத்தாள் கிரேசி. “நான் ரூம்லேர்ந்தே ஜெபம் சொல்றேன்.”