கருப்புப் பூனையும் வெள்ளைப் பூனையும்

“அறிவியல் கண்காட்சியில முதல் பரிசு நமக்குத்தான்” என்றார் உயிரியல் ஆசிரியர் கிருபாகரன், முகத்துக்குப் பவுடர் போட்டபடி.

“ரெண்டு பூனைக்கா பரிசு குடுப்பாவ?” மனைவி ஜெயஷீலா கைக்கு மருந்து தடவிக்கொண்டே கேட்டாள்.

“சும்மா பூனையா? ஆறு மாசமா தூரத்துல நின்னு பார்த்துக் குறிச்சிருக்கேன். துறைமுகத்து நிலக்கரிக் குவியல்ல திரியிறதெல்லாம் கருப்பு. வேம்பார் உப்பளத்துல திரியிறதெல்லாம் வெள்ளை. இடத்தோட நிறத்துக்கு ஒத்துப்போனது நாய் கண்ணுக்குத் தப்பிப் பிழைச்சிருக்கு. மத்தது போய்ச் சேர்ந்துட்டு. பரிணாமம் நம்ம ஊர்லயே நடக்குளா!”

நேற்றுதான் ஆள் வைத்து, இடத்துக்கு ஒரு பூனையாகப் பிடித்துக் கூண்டில் அடைத்துக் கொண்டுவந்திருந்தார்.

“கலெக்டர் வேற வாராராம். கூண்டு எங்கன?”

“பின்னால வெயில்ல வச்சிருக்கேன்.”

கிருபாகரன் பின்பக்கம் ஓடினார். இரண்டு கூண்டிலும் ஒரே செம்பட்டை நிறத்தில் பூனைகள், நனைந்துபோய் அவரை முறைத்தன.

“ஏளா, என் கருப்பு எங்க? வெள்ளை எங்க?”

“ரெண்டும் அதேதான். கலெக்டர் முன்னால அழுக்கோட கொண்டுபோனா நம்ம மானம் என்னத்துக்கு ஆகும்? சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினேன். ஒண்ணு மேல அவ்வளவும் கரித்தூள், இன்னொண்ணு மேல அவ்வளவும் உப்பு. கையில பிறாண்டினதப் பாருங்க.”

கிருபாகரன் தலையில் கைவைத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஜெயஷீலா பாவப்பட்டு ஒரு கூண்டைத் திறந்துவிட்டாள். பூனை நேராக மூலையில் கிடந்த கரிமூட்டைக்குள் பாய்ந்து உருண்டது.

“இந்தா, கருப்பு வந்துட்டு” என்றாள். “வெள்ளைக்கு உங்க பவுடர் டப்பாவ எடுத்துட்டு வாங்க.”