மேல்தளம்

சைரன் ஊளையிட ஆரம்பித்ததும் வெஸ்லி ஸ்டாப் வாட்ச்சை அமுக்கினான்.

வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னாலேயே அடித்துவிட்டார்கள். ஊர் அலுவலகக் கடிகாரத்தை அவன் என்றைக்கு நம்பினான்?

அவன் நின்றது மாடி அறையில். அறை என்று சொன்னால் கோபித்துக்கொள்வான். சில வாரங்களாக அது மேல்தளம். ஜன்னல் கண்ணாடியில் நீலக் காகிதம் வெட்டி அலைகூட ஒட்டி வைத்திருந்தான்.

அடுத்த மாதம் உல்லாசக் கப்பல் பயணம். நாலு பேருக்கும் முதல் தடவை. அமெரிக்காவின் நட்டநடுவில் இருக்கும் கான்சஸிலிருந்து எந்தப் பக்கம் வண்டி ஓட்டினாலும் கடல் வரக் காணோம். அந்தக் குடும்பத்தில் யாரும் அதைப் பார்த்ததும் இல்லை. அவன் மனைவி ஜோலீன் சமையலறை நாட்காட்டியில் கடல் படம் போட்ட மாதத்தைக் கிழிக்கவே விடமாட்டாள். அந்த வீட்டில் பல வருஷமாக ஆகஸ்ட்தான் நடக்கிறது.

வாந்தி மாத்திரை, வெயில் களிம்பு, பிள்ளைகளின் நீச்சலுடை எல்லாவற்றையும் வெஸ்லி யோசித்து முடித்துவிட்டான். அவனை நிலைகொள்ளாமல் அடித்தது ஒன்றுதான்.

கப்பல் கிளம்புமுன் அபாயச் சைரன் அடித்துப் பழக்குவார்களாம். கேட்டதும் எல்லாரும் மேல்தளத்துக்கு ஓட வேண்டுமாம்.

கான்சஸ் பிள்ளைகளுக்குச் சைரன் என்றால் சுழல்காற்று. சுழல்காற்று என்றால் நிலவறை. பால்குடி மறக்குமுன்பே கால் கீழே ஓடப் பழகிவிடும். நிஜமாகவே கப்பலுக்கு ஆபத்து வந்து, ஊரே மேலே ஏற, தன் பிள்ளைகள் மட்டும் தண்ணீர் புகுந்த அடித்தளத்துக்கு ஓடுவதாக வெஸ்லிக்குக் கனவு வந்துகொண்டே இருந்தது. கனவில் முன்னால் ஓடியவன் எப்போதும் சின்னவன் ஓடிஸ். கையில் தலையணை.

ஓடிஸுக்கு நாலு வயசு.

திங்கள்தோறும் நண்பகலில் ஊர்ச் சைரனை வேலை செய்கிறதா என்று அடித்துப் பார்ப்பார்கள். யாரும் தலை நிமிர்த்த மாட்டார்கள். பக்கத்து வீட்டு வெர்ன் அந்த நேரம் பார்த்துத்தான் புல் வெட்டுவார். வெஸ்லி அதைக் கப்பல் சைரனாக்கிக்கொண்டான்.

"சைரன் கேட்டா மேல. கீழ போனா முங்கிடுவோம். எங்க, சொல்லுங்க."

ஆறு வயசு ஹேட்டி சொன்னாள். ஓடிஸும் அழகாகச் சொன்னான். சைரன் அடித்ததும் ஹேட்டி மேலே வந்தாள். ஓடிஸ் தலையணையோடு நிலவறைக்குப் போனான்.

வெஸ்லி மிட்டாய் காட்டினான். படிக்குப் படி மேல்நோக்கி அம்பு வரைந்தான். நிலவறைக் கதவில் வாயைப் பிளந்த சுறா படம் ஒட்டினான். ஓடிஸ் சுறாவுக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு உள்ளே போனான்.

ஒவ்வொரு முறையும் வெஸ்லி இறங்கிப் போய், ஸ்டாப் வாட்ச்சை உற்றுப் பார்த்துப் பெருமூச்சு விடுவான். "லேட்டு, ஓடிஸ்."

நேற்று லீவு. கொல்லையில் அக்கம்பக்கத்தோடு இறைச்சி வாட்டித் தின்று, எல்லாரும் கலைந்தபிறகு அவன் ஜோலீனிடம் சொல்லிவிட்டான்.

"நாளைக்கும் அவன் கீழ போனா, பயணமே வேண்டாம். நாளையோட ரத்து பண்றதுக்குக் கடைசி நாள்."

"நாலு வயசுப் புள்ளதான் கப்பல ஓட்டப்போற மாதிரி பேசற," என்றாள் ஜோலீன். பிறகு ஆகஸ்டைப் பார்த்துக்கொண்டே தட்டுகளைக் கழுவினாள்.

இப்போது படியில் காலடி. ஆரஞ்சு உயிர்காப்பு ஜாக்கெட்டோடு ஹேட்டி வந்து நின்றாள். பின்னால் யாருமில்லை.

"அவன் எங்க?"

"கீழ போயிட்டான்ப்பா. தலையணையோட."

வெஸ்லி கண்ணை மூடிக்கொண்டான். ஜோலீனிடம் எப்படிச் சொல்வது?

சைரன் நிற்கவில்லை.

இந்நேரம் நின்றிருக்க வேண்டும். கண்ணைத் திறந்து ஜன்னலுக்குப் போனான். வெர்னின் பழைய புல்வெட்டும் வண்டி ஆளில்லாமல் பூப்பாத்திக்குள் போய்க்கொண்டிருந்தது. வெர்ன் நாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன் வீட்டு நிலவறையைப் பார்த்து ஓடினார். சைரனுக்கு அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. அவர் ஓடியே யாரும் பார்த்ததில்லை.

காகித அலைகளுக்குப் பின்னால் வானம் பாசி நிறத்தில் கிடந்தது.

கீழிருந்து ஜோலீன் கத்தினாள். "வெஸ்லி! நேத்துதான் திங்கக்கிழமை, லீவுன்னு அடிக்கல! இது நிஜம், ரேடியோல சொல்றான், இறங்கு!"

ஹேட்டியின் கையைப் பிடித்து இழுத்தான். அவள் ஜன்னல் சட்டத்தை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"கீழ போனா முங்கிடுவோம்னு நீங்கதானேப்பா சொன்னீங்க!"

விரல் விரலாகப் பிரித்து, அலறுகிறவளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். படிக்குப் படி அவன் வரைந்த அம்புகள் மேலே போ, மேலே போ என்றன.

சுறாவைத் தோளால் முட்டித் திறந்தான்.

படிக்கட்டுக்கு அடியில், கான்சஸில் உட்கார வேண்டிய சரியான மூலையில், ஓடிஸ் உட்கார்ந்திருந்தான். ஒரு பக்கம் ஜோலீன். மறுபக்கம் வேறு யாரும் உட்கார்ந்துவிடாதபடி தலையணையைப் போட்டு இரண்டு பேருக்கு இடம் பிடித்து வைத்திருந்தான்.

மேலே எங்கோ பெரிதாக ஒன்று முறிந்து விழுந்தது. மேல்தளமாக இருக்கலாம்.

ஓடிஸ் தன் வெறும் உள்ளங்கையை உற்றுப் பார்த்தான். பெருமூச்சு விட்டான்.

"லேட்டு, அப்பா."