பிறத்தியார் கை

கார்த்திகா கரண்டியை நீட்டினாள். என் மகன் அனஸ் வாயைத் திறந்தான்.

கார்த்திகா ஸ்ரீவில்லிபுத்தூர் பராமரிப்பு மையத்தில் வேலை பார்க்கிற பெண். அவளை அவன் அன்று காலையில்தான் முதன்முதலாகப் பார்த்தான்.

நான் ஜன்னலுக்கு வெளியே டிபன் கேரியரோடு நின்றிருந்தேன். எப்படியும் என்னைக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

பதினெட்டு வயது முடிந்துவிட்டது, இனி வைத்துக்கொள்ள முடியாது என்று ராஜபாளையம் சிறப்புப் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அனஸைப் போன்ற பெரிய பிள்ளைகளுக்கென்று இருப்பது இந்த மையம்தான். இங்கே ஒரே ஒரு நிபந்தனை. பிள்ளை பிறத்தியார் கையில் சாப்பிட வேண்டும். சாப்பிடாவிட்டால் இடமில்லை. இடமில்லை என்றால் அவனுக்கு ஆயுசுக்கும் கட்டிலும் சுவரும்தான்.

அனஸுக்குப் பேச்சு கிடையாது. நடை கிடையாது. கை சொன்னபடி கேட்காது.

சோற்றைக் குழைத்து, ஒரு வாய் கொடுத்து, அது தொண்டையில் இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வாய் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் புரையேறிவிடும். அந்த நிதானம் நூர்னிசா கைக்கு மட்டும்தான் வரும் என்று தெருவே என்னைப் பற்றிச் சொல்லும். நானும் சொல்வேன், கொஞ்சம் பெருமையாகவே.

பள்ளியிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வேனில் வீட்டுக்கு வந்துவிடுவான். அதனால் எந்தக் கல்யாண வீட்டிலும் நான் பிரியாணியைச் சூடாகச் சாப்பிட்டதில்லை. அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்வேன்.

இடம் கிடைக்க வேண்டும் என்று துஆ கேட்டேன். அவன் வாயைத் திறக்க மாட்டான் என்றும் உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தேன்.

கார்த்திகா அடுத்த வாய்க்குக் காத்திருந்தாள். அவள் கண் அவன் தொண்டையில் இருந்தது. யாரோ அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

பள்ளியிலிருந்து அவனைக் கொண்டுவந்து விட வந்திருந்த ஜெயபாய் டீச்சர் என் பக்கத்தில் வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

“பாத்தீங்களாக்கா, எம்புட்டு அழகாச் சாப்பிடுதான்! போன ரம்ஜானுக்கு முன்னாடியே பழகிட்டான். நானு, ஆயா, வேன் ஓட்டுற இருளப்பசாமி அண்ணாச்சி... ஆளுக்கு ஒரு நாளு கஞ்சி ஊட்டுவோம். உங்களுக்குத் தெரிஞ்சா பயந்துபோயி நிறுத்திருவீங்கன்னு அண்ணன்தான் சொல்ல வேண்டாம்னாக.”

அண்ணன் என்றால் என் வீட்டுக்காரர், சாகுல் ஹமீது.

வேன் ஓட்டுகிறவர்கூட ஊட்டியிருக்கிறார். நான் ஒருத்திதான் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

மத்தியானத்தில் பிள்ளை அரை வயிறுதான் சாப்பிடுகிறான், கண்ணூறு பட்டுவிட்டது என்று அழுதேன். ஹஜ்ரத்திடம் தண்ணீர் ஓதி வாங்கிப் புகட்டினேன். பள்ளிவாசலுக்குப் போய் அந்தத் தண்ணீரை வாங்கி வந்து கொடுத்ததே இவர்தான். கஞ்சி குடித்த வயிறு என்று தெரிந்தே வாங்கி வந்திருக்கிறார்.

டீச்சர் மேல் கோபம் வரவில்லை. முதலில் அனஸ் மேல்தான் வந்தது. ஊரார் கையில் எல்லாம் சாப்பிட்டுவிட்டு வந்து, ஒன்றும் தெரியாதவன் போல என் முன்னால் வாயைத் திறந்திருக்கிறான். ஜன்னல் பக்கம் ஒரு தடவையாவது திரும்புவான் என்று பார்த்தேன். அவன் கார்த்திகாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

இவர் வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். இடம் கிடைத்துவிட்டது என்று யாருக்கோ சொல்கிறார் போலிருக்கிறது. நல்லதுக்குத்தானே செய்தார் என்று மனசைத் தேற்றப் பார்த்தேன். தேறியிருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் நினைவுக்கு வராமல் இருந்திருந்தால்.

அந்த ரம்ஜானுக்குப் பிறகு வந்த பக்ரீது முடிந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை காலையில், கூமாப்பட்டியில் என்னைப் பெற்ற அத்தா மௌத்தாகிவிட்டார். மத்தியான லுஹர் தொழுகைக்கு மய்யித்தை அடக்கத்துக்கு எடுத்துவிடுவோம், உடனே வா என்று தம்பி போன் செய்தான். அனஸைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு நௌஷீன் ஓடி வந்தாள். நானே ஊட்டிவிடுகிறேன், நீங்கள் கிளம்புங்கள் என்றுகூடச் சொன்னாள்.

நான் கேட்கவில்லை. அனஸுக்கு ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அத்தா வீட்டில் பெண்கள் மட்டும்தான் இருந்தார்கள். ஆண்கள் எல்லோரும் மய்யித்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அத்தாவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

அன்றைக்கு நான் ஊட்டி முடிக்கிறவரைக்கும் இவர் பைக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். அழுதுகொண்டே ஊட்டிய என் தோளைத் தொட்டு ஆறுதல் சொன்னார்.

“பதறாம ஊட்டு நூரு. உன் கையை விட்டா வேற யாரு கையில சாப்பிடப் போறான்?”