உப்பு எவ்வளவு?

“அத்தை, பூசணி சூப்புலயும் உப்பு எவ்வளவுன்னு போடாம விட்டுட்டீங்க! நாப்பது பேர் கேட்டிருக்காங்க” என்று போனில் சிரித்தாள் அண்ணன் மகள். அத்தைக்குச் சமையல் பிளாக் ஆரம்பித்துக் கொடுத்தவள் அவள்தான்.

“வயசாச்சுல்ல, மறந்து தொலைக்கிறேன்.”

“மத்தபடி உங்க பிளாக்னா எல்லாருக்கும் உசுரு. பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லித் தர்ற மாதிரி இருக்காம். இனிமே எனக்கு அனுப்புங்க, நான் சரிபார்த்துப் போடறேன்.”

ஆசையாகக் கேட்பவளிடம் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அடுத்த மூன்று குறிப்புகளும் ஒரு குறையுமில்லாமல் வெளியாயின. கீழே வரிசையாகக் கட்டைவிரல் படங்கள் விழுந்தன. யாரும் எதுவும் கேட்கவில்லை. அத்தை போனை எடுத்து எடுத்துப் பார்த்ததில் சார்ஜ்தான் குறைந்தது.

நாலாம் நாள் அத்தையே அண்ணன் மகளை அழைத்தாள். “உனக்கு ஆயிரம் வேலை. நானே போட்டுக்கறேன்டி.”

“மறுபடி உப்பை மறந்துடுவீங்களே!”

“மறக்க மாட்டேன்.”

சாப்பிட்ட ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சமையல் நோட்டைப் பார்த்து அடுத்த குறிப்பை டைப் செய்தாள். நோட்டில் ‘உப்பு: முக்கால் ஸ்பூன்’ என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. வழக்கம்போல அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு வெளியிட்டாள்.

பத்தே நிமிஷத்தில் போன் சிணுங்கியது.

‘அம்மா, உப்பு எவ்வளவு போடணும்?’

அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

‘சொல்றேன் கண்ணு. முதல்ல நீ சாப்பிட்டியா?’